பொகையில விஷம்

1943 ஜூலை 19, திங்கள்

முன்சீப் சுப்புராஜ் மாமா வீட்டு வாசலில் தார் பூசிய பலகை ஒன்று தொங்குகிறது. அதில் சுண்ணாம்பால் 'நாய் ஜாக்கிரதை' என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இன்று காலையில் எச்சில் தொட்டு ஒரு புள்ளியை அழித்தேன். சாக்கட்டியால் ஒரு கொம்பு போட்டேன். அவ்வளவுதான் வேலை. 'நாயே ஜாக்கிரதை' ஆகிவிட்டது. நாய்க்குக் கொம்பு முளைத்த ஊர் உலகத்திலேயே எங்கள் ராஜபாளையம் ஒன்றுதான்.

மத்தியானம் வரை யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் தீர்வை விஷயமாகத் தளவாய்புரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "வாசல்லயே நாயேன்னு எழுதி வச்சா கூப்பிடுதிய" என்று திரும்பி நடந்தார். மாமா செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினார்.

நாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. அதன் பெயர் துரை. உடம்பு பூராவும் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் நிறம். வேறு என்ன பெயர் வைக்க முடியும். மாமா வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர். வாசலைத் தாண்டினால் தமிழ். வாசலுக்கு வெளியே அவரிடம் தெலுங்கு கேட்கிற பாக்கியம் துரைக்கு மட்டும்தான், அதுவும் வசவாக.

சாயங்காலம் அம்மா என் காதைத் திருகினாள். "பேரு இன்பம். வேலை பூரா துன்பம்." கொம்பு போட்டது யார் என்று ஊரில் யாரும் விசாரிப்பதே இல்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு சந்தேகமாவது படக்கூடாதா?

ஜூலை 22, வியாழன்

ஆடிக்காற்று மலையை விட்டு இறங்கி எங்கள் தெரு வழியாகத்தான் எங்கேயோ போகிறது. போகிற போக்கில் சோலைச்சாமி மாமாவின் பஞ்சையும் கூட்டிக்கொண்டு போகிறது. அவர் மெத்தை தைக்கிறவர். வில்லை வைத்து இலவம்பஞ்சை டொய்ங் டொய்ங் என்று அடிப்பார். எதிர்வாடையில் வெள்ளத்தாய் அத்தையின் வெற்றிலைக் கடை. ஈர வெற்றிலையில் பஞ்சு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்குமா?

"ஏலே சோலைச்சாமி, ஒன் பஞ்சு என் வெத்தலைக்கு மீசை வச்சிருக்கு. வாங்க வாரவன்லாம் சிரிக்கான்."

"மீசை இல்லாத வெத்தலைக்கு என்ன மதினி மரியாதை?"

"கதவையும் சன்னலையும் அடைச்சுட்டு அடி. இல்லேன்னா நான் ஒன் மூச்சை அடைச்சுருவேன் பாத்துக்க."

தெருவே சிரித்தது. நான் கைதட்டினேன்.

அந்தக் கடையில் அம்மாவுக்குப் புகையிலை வாங்கி வருவது என் ரகசிய உத்தியோகம். அப்பாவுக்குத் தெரியாது. புகையிலை தொடமாட்டோம் என்று எங்கள் வேதக்கோவில் சபைப் பெண்கள் சங்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சங்கத்தின் தலைவியே அம்மாதான். அதுவும் அவள் போடுவது ஆம்பிளைகள் போடுகிற முரட்டு ரகம். எனக்கு இதில் பாவம் ஒன்றும் தெரியவில்லை. புகை இலை, புகை இலை என்று அதன் பெயரே சத்தியம் செய்கிறதே.

ஜூலை 23

சோலைச்சாமி மாமா சன்னலை அடைத்துவிட்டார். வெற்றிலைக்கு மீசை இல்லை. தெரு சப்பென்று இருக்கிறது.

ஜூலை 26, திங்கள்

சனிக்கிழமை முன்சீப் வீட்டுச் சுவரிலிருந்து குதித்ததில் காலில் ஆணி ஏறிவிட்டது. (பலகையைத் திருத்தப் போயிருந்தேன். நல்ல காரியத்துக்குப் போனால்தான் ஆணி குத்தும்.) கால் பூசணிக்காயாகிவிட்டது. அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பஸ் கரியில் ஓடுகிறது. முதுகில் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு சமதரையிலேயே மூச்சு வாங்குகிறது. கரி பஸ். வல்லின றகரம் போட்டிருந்தால் பசியாவது ஆறியிருக்கும்.

டாக்டர் புதுசு. பெஜவாடாப் பக்கமாம். எட்டு மாதமாகத் தமிழ் படிக்கிறாராம். அப்பா இங்கிலீஷில் ஆரம்பித்ததும் முகத்தைச் சுளித்து, "தமிழ், தமிழ் பேசுங்கோ" என்றார். ஆனால் என் காலில் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடும்போது சொந்த பாஷை வந்துவிட்டது. "ஒகட்டி. ரெண்டு. மூடு." மூடு என்கிறாரே என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

"ஏன் கத்தலே? வலி இல்லையா?"

"நீங்கதான மூடச் சொன்னிய."

தெலுங்கில் மூடு என்றால் மூன்றாம். அவர் சிரித்த சிரிப்பில் மீதி அயோடின் அப்பா வேட்டியில் கொட்டியது. வியாழக்கிழமை கட்டு மாற்ற வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 28, புதன்

சோலைச்சாமி மாமா செத்துப்போனார்.

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பஞ்சு மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்திருக்கிறார். கதவு, சன்னல் எல்லாம் அடைப்பு. அதே கூடத்தின் மூலையில்தான் அடுப்பு. அவர் வீட்டுக்காரி குருவம்மாள் அத்தை துணி துவைக்கக் கண்மாய்க்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது ஓட்டுச் சந்தில் புகை தெரிந்ததாம். சமையல் புகை என்றுதான் நினைத்தாளாம். சமைக்கிறவள் நானில்லையா, அப்போ உள்ளே யார் சமைக்கிறது என்று அப்புறம்தான் ஓடினாளாம்.

கதவை உடைத்தார்கள். புகை வெள்ளையாய், தடியாய் வெளியே வந்தது. நெருப்பு என்று ஒன்றைப் பார்க்கவே முடியவில்லை. அடுப்புப் பக்கத்து மூட்டை ஒன்று உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றியதும் அடங்கிவிட்டது. ஒரு ஓடுகூட வெடிக்கவில்லை. கதவடியில் கூடையில் அடைகிடந்த கோழி கொக்கொக் என்று கோபமாக வெளியே வந்தது. மாமா மேலே, தலைக்குக் கையைக் கொடுத்து ஒருக்களித்தபடி. உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. வேட்டி நுனிகூடக் கருகவில்லை. உதடும் நகமும் மட்டும் நல்ல சிவப்பு.

ஏலே எந்திரிலே, எந்திரிலே என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள். தூங்குகிற மாதிரியேதான் இருந்தார்.

என்னை அவர் 'இம்சை' என்று கூப்பிடுவார். நான் அவரைப் பஞ்சபாண்டவர் என்பேன். ஒத்தை ஆளு எப்படிட்டி பாண்டவர் என்பார். பஞ்சு இருக்குல்லா மாமா, போதும் என்பேன். தினமும் இதையேதான் பேசுவோம். தினமும் சிரிப்பார்.

போதும்.

ஜூலை 29, வியாழன்

மாமாவை வண்டியில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். திடீர்ச் சாவு என்றால் டாக்டர் பார்க்க வேண்டுமாம், முன்சீப் உத்தரவு. நானும் அப்பாவும் கட்டு மாற்ற அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். வாசலில் குருவம்மாள் அத்தை, அவள் அண்ணன் சேதுபதி, தெரு ஆட்கள். டாக்டர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்:

"நெருப்பு கொல்லலே. பொகையில விஷம். அது கொன்னது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் சேருகிறது, வாந்திபேதி வந்துவிடக்கூடாதே என்று ஊசி போடுகிற வேலை அவருக்கு.



"பொகையில விஷமாம்லே" என்றார் சேதுபதி.

"யாரு கடைப் பொகையில?"

"வேற யாரு. மூச்சை அடைச்சுருவேன்னு தெருவறியச் சொன்னாள்லா."

உதடு அப்படிச் சிவந்திருந்தது விஷம் ஏறித்தானாம். நெருப்பில் செத்திருந்தால் ஒரு காயமாவது இருக்காதா. நெருப்பே கொன்றிருந்தால் கோழி எப்படிப் பிழைக்கும். கோழி புகையிலை போடாது, அதனால் பிழைத்தது. இப்படி ஒவ்வொருவராக அடுக்கினார்கள். கேட்கக் கேட்க எனக்கும் சரி என்றே பட்டது. வெள்ளத்தாய் அத்தை கையாலா? மீசை வைத்த வெற்றிலைக்காகவா?

வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தாமதம், அம்மா கொல்லைக்கு ஓடி வாயிலிருந்ததைத் துப்பினாள். உப்புத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தாள். "பாவி, அஞ்சு வருசமா எனக்கும்லா குடுத்திருக்கா" என்று அப்பா முன்னாலேயே ஒப்பாரி. அப்பா திண்டாடிப் போய், கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டார்.

"நேத்து போட்டியா?"

"போட்டேன்."

"முந்தாநேத்து?"

"போட்டேன்."

"இன்னைக்கு?"

"இப்பத்தான துப்புனேன்."

"அப்ப நீ செத்து அஞ்சு வருசம் ஆச்சு. போயி உலை வையி."

ஜூலை 30, வெள்ளி

நேற்று டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன். பேச்சுத் தமிழில் இருக்கிறதே, நல்ல தமிழில் திருத்திவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பேனா நின்றுவிட்டது.

புகையிலை விஷம் என்று எழுதவா? புகையில் விஷம் என்று எழுதவா?

வாயால் சொல்லும்போது எங்கள் ஊரில் இரண்டும் பொகையில-தான். கடையில் தொங்குவதும் பொகையில. அடுப்படியில் கண் எரிவதும் பொகையில. எட்டு மாதத் தமிழுக்கு நாம் பேசுவது எப்படிக் காதில் விழுந்ததோ அப்படித்தானே அவர் பேசுவார்? அவர் சரியாகத்தான் சொன்னார். நாங்கள்தான் ஒரு லை-யைச் சேர்த்துக்கொண்டோம்.

புகையில். புகைக்குள்ளே விஷம்.

கோழி கதவடியில் இருந்தது. கதவுக்கடியில் சந்து, வெளிக்காற்று. மாமா மூட்டை மேல். புகை எங்கே போகும்? மேலேதான். கோழி புகையிலை போடாதது நிஜம். கோழி புகைக்குள் இல்லை என்பதும் நிஜம்தானே?

நாளைக்கு எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

ஜூலை 31

சொன்னேன்.

அம்மா: "நீ சொல்லுத எதைத்தான் நம்புறது? போன மாசம் பாதிரியார் வீட்டுல பேதி மருந்தைப் பேரிச்சம்பழம்னு குடுத்தவ."

அப்பா யோசித்தார். நியாயமாத்தான் இருக்கு என்றார். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் தெருவில் போய்ப் பேச மாட்டாராம். தேர் முடிகிற வரைக்கும் டாக்டரை யார் பார்க்க முடியும்?

குருவம்மாள் அத்தையிடம் சொன்னேன். போயிருக்கக் கூடாது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "ஏட்டி, எழவு வீட்டுலயுமா ஒன் வார்த்தை விளையாட்டு?"

நான் விளையாடவில்லை. முதல் தடவையாக விளையாடவில்லை. அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? இருக்கிறது ஒரே முகம், அது ஊருக்கே தெரிந்த முகம்.

வெள்ளத்தாய் அத்தை கடையில் யாரோ சாணி எறிந்திருக்கிறார்கள். கடைக் கதவுப் பலகையில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். முன்சீப் போலீஸுக்கு எழுதப் போகிறாராம். எழுதினால் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். "நீயும் நம்புதியாட்டி?" என்று கேட்டாள். நான் லை கதையை அவளுக்கு விளக்கினேன். கதவு சன்னல் எல்லாம் அடைத்திருந்ததால் புகை போக வழியில்லை, அதுதான் கொன்றது, நீங்க ஒண்ணும் செய்யலை என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. முகம் எப்படியோ போய்விட்டது. அந்த ஒற்றைப் பலகையையும் எடுத்துச் செருகிக்கொண்டாள்.

நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

ஆகஸ்ட் 1, ஞாயிறு

கோவிலில் ஜெபம் முடிகிற வரைக்கும் அம்மா வெறும் வாயை மென்றுகொண்டிருந்தாள். பக்தி என்று பாதிரியார் நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் 2, திங்கள்

முன்சீப் மாமா போலீஸுக்கு எழுத உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நொண்டிக்கொண்டே போனேன். பலகையைப் புதிதாக எழுதி மாட்டியிருக்கிறார். இந்தத் தடவை பெயிண்ட்.

"மாமா, வத்திராயிருப்பு வயல்ல போன மாசம் எலி வளைக்குப் பொகை போட்டியள்லா?"

"போட்டேன். சட்டியில வைக்கோலக் கொளுத்தி ஊதச் சொன்னேன். அதுக்கென்ன?"

"எலி வெந்து கெடந்துச்சா?"

"வேகுறதாவது. தீ எங்க உள்ள போச்சு? சும்மா தூங்குற மாதிரி கெடந்துச்சு."

"அது எந்தக் கடையில பொகையிலை வாங்குச்சு மாமா?"

மாமா சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டார். பேனாவை மைக்கூட்டில் வைத்தார். ரொம்ப நேரம் துரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தோணத்தான் செய்யுது. ஆனா எலியைச் சாட்சியாப் போட்டு நான் எழுதி அனுப்ப முடியுமாட்டி? அதுவும் நீ சொன்னேன்னு. தேரு நிலைக்கு வரட்டும். டாக்டரையே சாவடிக்கு வரச் சொல்லுதேன். எல்லார் முன்னாலயும் கேட்ருவோம்."

சாவும் அடியும் விசாரிக்கிற இடம், அதனால்தான் சாவடி போலிருக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி வருகிறது.

ஆகஸ்ட் 5, வியாழன்

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

சாவடியில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் குருவம்மாள் அத்தையும் சேதுபதியும். எதிரே வெள்ளத்தாய் அத்தை தனியாக, முக்காட்டோடு. டாக்டர் வர நேரமாகிக்கொண்டே போனது. கரி பஸ் நடுவழியில் அணைந்துவிட்டதாம்.

சேதுபதி ஆரம்பித்தார். "எங்க மச்சான் போடுறது முரட்டுப் பொகையில. என் தங்கச்சி போடுறது லேசு. அவ நல்லா இருக்கா. அப்ப முரட்டுலதான விஷம். இவ கடை முரட்டுப் பொகையிலையப் போட்டுட்டு உசுரோட இருக்க ஆளு ஒண்ணு இருந்தா இங்க வரட்டும்."

ஆம்பிளைகள் எல்லாம் மற்ற கடையில் வாங்குகிறவர்கள் மாதிரி வானத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் அம்மா எழுந்து நின்றாள். சபைப் பெண்கள் சங்கத் தலைவி.

"நான் இருக்கேன்" என்றாள். "அஞ்சு வருசமா. முரட்டு ரகம்."

அப்பா தரையைப் பார்த்தார். ஆனால் அவர் உதட்டோரம் சிரித்ததை நான் பார்த்தேன். அம்மாவுக்குப் பின்னால் சங்கத்துச் செயலாளர் எழுந்தார். அதற்குப் பின்னால் பொருளாளர். சங்கம் முழுக் கோரத்தோடு (இங்கிலீஷ் கோரம்தான்) நின்றது. இம்சை என்ற பட்டத்தை அம்மாவுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சேதுபதி விடவில்லை. அன்றைக்கு மட்டும் தனியாக விஷம் வைத்துக் கொடுத்திருப்பாளாம். அந்த நேரம் டாக்டர் வந்து சேர்ந்தார், மூக்கில் கரியோடு. முன்சீப் மாமா மரியாதையாக, சுத்தமான தமிழில், "சோலைச்சாமியைக் கொன்றது எது?" என்று கேட்டார். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து அழகாகச் சொன்னார்:

"பொகையில விஷம்."

"கேட்டியளா" என்றார் சேதுபதி. "டாக்டரே சொல்லிட்டாரு."

"பொகையிலையா, பொகையிலயா?" என்று நான் கத்தினேன். எனக்கே இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. டாக்டர் அன்பாகத் தலையாட்டி, "ஆமா, பொகையில" என்றார். நாசமாய்ப் போயிற்று. அப்பா இங்கிலீஷில் ஆரம்பித்ததும் பழையபடி முகத்தைச் சுளித்து, "தமிழ், தமிழ்" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒகட்டி, ரெண்டு, மூடு ஞாபகம் வந்தது. இவருக்கு நன்றாக வருகிற பாஷை ஒன்று இருக்கிறது. அது முன்சீப் மாமாவுக்கும் வரும். ஆனால் இவர் தமிழ்தான் பேசுவேன் என்கிறார். அவர் சாவடியில் கௌரவமாகத் தமிழ் பேசுகிறார். மாமா வாயிலிருந்து ஊரார் முன் தெலுங்கை வரவழைக்கத் தெரிந்த ஜீவன் ஒன்றுதான். அது வெளியே தூணில் கட்டிக் கிடந்தது.

அடுத்த வீட்டு முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு துண்டை எடுத்து, பின்பக்கமாக வந்து, டாக்டர் கோட்டுப் பையில் போட்டேன். பிறகு தூணுக்குப் போய் முடிச்சை அவிழ்த்தேன்.

துரை நேரே டாக்டர் மேல் பாய்ந்து, முன்காலிரண்டையும் அவர் மார்பில் வைத்து, பைக்குள் மூக்கை விட்டது. டாக்டர் நாற்காலியோடு சாய்ந்தார். முன்சீப் மாமா எழுந்து நின்று ஒரு கர்ஜனை:

"ஒரேய் துரை, திகுரா. நோரு முய்யி. இட்டரா வெதவா."

டாக்டர் நாயைத் தள்ளவே இல்லை. கீழே கிடந்தபடியே மாமாவைப் பார்த்தார். எட்டு மாதமாகக் காணாத சொந்தக்காரரைப் பார்க்கிற பார்வை.

"மீரு தெலுகுவாள்ளா?"

அப்புறம் என்ன, இரண்டு பேரும் பேசினார்கள் பேசினார்கள், துரை கருவாட்டைத் தின்று முடித்து மறுபடி பையைத் தேடுகிற வரைக்கும் பேசினார்கள். மாமா கடைசியில் எங்களுக்காக ஒரு தடவை உரக்கக் கேட்டார்: "பொகலோ விஷமா, பொகாகுலோ விஷமா?"

தெலுங்கில் புகை என்றால் பொக. புகையிலை என்றால் பொகாகு. சண்டைக்கே இடமில்லாத பாஷை.

"பொகலோ" என்றார் டாக்டர். "பொகாகு காது. காது."

காது என்றால் அதில் 'இல்லை' என்று அர்த்தம். ஊர்க்காது அன்றைக்குத்தான் திறந்தது.

டாக்டர் சொல்லச் சொல்ல மாமா தமிழில் சொன்னார். பஞ்சு தீயாக எரியாமல் கனிந்தால் அந்தப் புகைக்குள் ஒரு வாயு வருமாம். நிறம் இல்லை, மணம் இல்லை. கரி பஸ்ஸை ஓட்டுகிறதே, அதே வாயு. மூச்சில் போய் ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தச் சிவப்பு. தூங்குகிறவன் இருமி எழுந்திருக்கக்கூட மாட்டான். வீடு தீப்பிடித்துச் செத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் நெருப்பு தொடுவதற்கு முன்னாலேயே போய்விடுகிறார்களாம். கதவு ஒன்று திறந்திருந்தால் சோலைச்சாமி மாமா பிழைத்திருப்பார். கீழே படுத்திருந்தாலும் ஒருவேளை.

சேதுபதி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனார். முன்சீப் மாமா வெள்ளத்தாய் அத்தையைப் பார்த்து, "ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல தாயி, போயிக் கடையைத் தெற" என்றார். நான் கைதட்டத் தயாராக இருந்தேன். அவள் முக்காட்டை எடுக்காமலே எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 6

கடை திறக்கவில்லை. பின்வாசல் வழியாகப் போனேன்.

"அத்தை, ஜெயிச்சுட்டோம்லா. பொறவு என்ன?"

"விஷம் வச்சேன்னு சொன்னப்ப எனக்கு வலிக்கலட்டி. நான் வைக்கல, அது எனக்குத் தெரியும்." பலகைச் சந்து வழியே எதிர்வீட்டுச் சன்னலைப் பார்த்தாள். "சன்னலை அடைன்னு சொன்னது நான்தான."

வந்த பின்வாசல் வழியே திரும்பினேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

சங்கத்தில் அவசரக் கூட்டம். புகையிலை விரதத்தைப் பரிசீலிக்கிறார்களாம். அம்மாவே தலைவி.

ஆகஸ்ட் 12

கடை இன்னும் அடைப்பு. குருவம்மாள் அத்தை என்னைக் கூப்பிட்டாள். போகப் பயமாக இருந்தது. போனேன். கூடத்தில் சன்னல்கள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன.

"அவ ஏன் கடை தெறக்கல?"

சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அத்தை அடுப்பு இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பை இப்போது முற்றத்துக்கு மாற்றியிருக்கிறாள். அங்கே கறுப்பாய் ஒரு வட்டம்தான் மிச்சம்.

"அடைன்னு சொன்னது அவ. கங்குல தண்ணி தெளிக்காமப் போனது நான்" என்றாள். "அவருக்கு என்ன, எவ சொன்னாலும் கேக்குற மனுசன்."

ஆகஸ்ட் 16, திங்கள்

காலையில் குருவம்மாள் அத்தை தெருவைக் கடந்து போய் வெள்ளத்தாய் அத்தை கடைப் பலகையைத் தட்டினாள். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் திடீரென்று ஏதோ வேலை செய்கிற மாதிரி ஆனார்கள். நான் முன்சீப் வீட்டுச் சுவர் மேல் இருந்தேன்.

ஒரு பலகை நகர்ந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பொகையில குடு" என்றாள் குருவம்மாள் அத்தை.

வெள்ளத்தாய் அத்தை மற்றப் பலகைகளையும் எடுத்தாள். உள்ளே தொங்கியதிலிருந்து லேசு ரகத்தில் ஒரு துண்டு கிள்ளினாள். கை பழைய பழக்கத்தில் தன் பாட்டுக்கு அடுத்த கட்டுக்குப் போய் முரட்டு ரகத்திலும் ஒரு துண்டு கிள்ளிவிட்டது. கிள்ளிய பிறகுதான் நின்றாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

லேசானதைக் குருவம்மாள் அத்தையிடம் நீட்டினாள். மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு பேரும் கடை வாசலில் உட்கார்ந்து மென்றார்கள். வாய் நிறைய இருந்ததால் பேச முடியவில்லை. வெள்ளத்தாய் அத்தைக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. முரட்டு ரகம், காரம் ஜாஸ்தி. குருவம்மாள் அத்தை முந்தானையை நீட்டினாள்.